சிறுதீவுகளின் வரலாறு



வரலாறு என்றதும் அரசரையும் போரையும் நினைப்பது நம்மவர் வழக்கம். பல்லாண்டு காலம் மாணவர்க்கு அவற்றையே கற்பித்து வந்த யானும் அதற்கு விலக்கானவன் அல்லேன். ஆயினும், கண்ணாற் காண்பதற்கரிய சில நுண்பொருள்களுக்கும் வரலாறு உண்டு. அவற்றுள் ஒன்றை இன்று கூற விழைகின்றேன்.

இரைப்பையின் பின்னே சதையி என்னும் உறுப்பு உளது. கணையம் என்பதும் அதுவே. உணவைச் செரிக்கச் செய்யும் நீரைச் சுரத்தல் ஒன்றே அதன் தொழிலென முன்னையோர் எண்ணியிருந்தனர். 1869ஆம் ஆண்டிலே, பேர்லின் நகரில் மருத்துவம் பயின்ற பவுல் லங்கர்ஹான்ஸ் என்னும் 21 வயது இளைஞர், முயலின் சதையியை நுணுக்குக்காட்டியில் வைத்து ஆராய்ந்தார். சுற்றியிருந்த கலங்களினின்றும் வேறுபட்ட கலங்கள் ஆங்காங்கே சிறு சிறு கூட்டங்களாகக் கிடப்பதைக் கண்டார். அவை எதற்காக உள்ளன? தமக்குத் தெரியாதென்று அவர் ஒளிவுமறைவின்றி எழுதிவைத்தார்.

1889இல் மின்கொவ்ஸ்கி, வொன் மேரிங் என்னும் இருவர் நாயொன்றின் சதையியை அகற்றினர். அந்நாய்க்கு நீரிழிவு கண்டது. 1893இல் பிரெஞ்சு அறிஞர் லகேஸ், அக்கலக் கூட்டங்களுக்கு லங்கர்ஹான்ஸ் சிறுதீவுகள் எனப் பெயரிட்டார். 1921இல் கனடாவின் ரொறன்ரோ நகரிலே பாண்டிங், பெஸ்ட் ஆகியோரின் முயற்சியால், சிறுதீவுகளிற் சுரக்கும் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது. மறு ஆண்டிலேயே அது நோயாளர்க்கு வழங்கப்பட்டு உயிர் காத்தது.

குறைந்தால் நோய் தரும் பொருள் மிகுந்தாலும் தீங்கு செய்யுமன்றோ? இன்சுலின் மிகுவதாலும் மயக்கமும் நடுக்கமும் உண்டாகலாமென 1924இல் அமெரிக்க வைத்தியர் சீல் ஹாரிஸ் கருத்துரைத்தார். பின்னர் மேயோ வைத்தியசாலையிலே இத்தகைய நோயாளி ஒருவரின் வயிற்றைத் திறந்தபோது, சிறுதீவுக் கலங்களில் எழுந்த புற்றுநோய் காணப்பட்டது. அந்நோயாளியும் ஒரு வைத்தியரே. 1929இல் ரொறன்ரோவில் ரொஸ்கோ கிரஹாம் இத்தகைய கட்டியொன்றை அகற்றி நோயாளியைக் குணப்படுத்தினார்.

ஆனால் கட்டி எவ்வாறு தோன்றுகிறது? மனிதரிடத்தில் அதனைக் கண்டறியும் வேளையில் அதன் தொடக்கம் கடந்துபோய்விடுகிறது. தொடக்கத்தைக் காண வேண்டின், கட்டி தோன்றுமென முன்னரே தெரிந்த ஓர் உயிர் வேண்டும். 1985இல் நியூயோர்க் மாநிலத்துக் கோல்ட் ஸ்பிரிங் ஹாபர் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் ஹனஹன் அவ்வுயிரை உருவாக்கியதாக அறிவித்தார். குரங்குகளிற் காணப்படும் எஸ்.வி.40 என்னும் வைரசுக்கு, கலங்களைக் கட்டுப்பாடின்றிப் பெருகச் செய்யும் பரம்பரையலகு ஒன்றுண்டு. அதனை, இன்சுலின் சுரக்கும் கலங்களில் மட்டும் தொழிற்படுமாறு அமைத்து, சுண்டெலியின் கருவிற் புகுத்தினார். அவ்வழி வந்த குட்டிகளும் அவற்றின் சந்ததிகளும் சில மாதங்களிலேயே சிறுதீவுக் கட்டிகளால் மாண்டன.

இங்கேதான் வியப்புக்குரிய செய்தி வெளிப்பட்டது. ஒரு சுண்டெலியின் சதையியில் ஏறத்தாழ 400 சிறுதீவுகள் உள. அவை அனைத்திலும் அத்தீய பரம்பரையலகு இருந்தது. ஏறத்தாழப் பாதியில் கலங்கள் மிகையாகப் பெருகின. கட்டியாக முற்றியவையோ நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. எல்லா வயலிலும் ஒரே விதை விழுந்தும் சில வயல்களே விளைந்தது ஏன்?

ஹனஹனும் ஜூடா போக்மனும் பிற அறிஞரும் 1989இல் இதற்கு விடை பகர்ந்தனர். சிறுதீவுகளை இரத்தக் குழாயின் கலங்களுக்கு அருகில் வைத்துப் பார்த்தனர். இயல்பான சிறுதீவுகள் அவற்றைத் தூண்டவில்லை. பெருக்கமுற்றவற்றுள்ளும் மிகப் பல தூண்டவில்லை. சில மட்டுமே அக்கலங்களைத் தம்பால் ஈர்த்தன. புதிய இரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொள்ள வல்லவையே கட்டியாக வளர்கின்றன என்பது புலனாயிற்று. எனவே, புற்றுநோய் ஒரே பாய்ச்சலில் வருவதில்லை. படி படியாக ஏறி வருகிறது. படிகள் உண்டெனின், இடையில் மறித்து நிற்கவும் இடமுண்டு.

அவ்வாறு மறிக்கும் மருந்துகளுள் ஒன்று சனிட்டினிப். அச்சுண்டெலிகளிற் சோதிக்கப்பட்ட பின்னர், சதையியின் இவ்வினக் கட்டிகள் முற்றிய நிலையிலிருந்த 171 நோயாளரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிபு 2011இல் வெளியாயிற்று. மருந்து பெற்றோரிடத்து நோய் மேலும் வளராதிருந்த இடைநிலைக் காலம் 11.4 மாதம்; பெறாதோரிடத்து 5.5 மாதம். இது முழுக் குணமன்று. சதையியில் அதிகமாகக் காணப்படும் வேறு வகைப் புற்றுநோய்க்கு இது மருந்துமன்று. எனினும், நோய் வளராத மேலும் ஆறு மாதம் பிள்ளையின் அருகில் இருக்கக் கிடைத்த தாய்க்கு அதன் மதிப்பு என்னவென்பதை எக்கணக்கு உரைக்கும்? அம்மாதங்களுக்கு எண்ணற்ற சிற்றுயிர்கள் விலையாயின என்பதையும் நாம் மறத்தல் தகாது.

லங்கர்ஹான்ஸ் இவற்றுள் ஒன்றையும் காணவில்லை. காசநோயுற்று மதேரா தீவிற் குடியேறிய அவர், 1888இல், தம் நாற்பதாம் வயதில் இறந்தார். சிறுதீவுகளின் தொழிலுக்கு முதற் சான்று தந்த நாய்ச் சோதனை நிகழ்ந்தது அதற்கு அடுத்த ஆண்டிலேதான். வகுப்பிலே வினாவுக்கு விடை தெரியாத மாணவன் தலைகுனிந்து நிற்கும்போதெல்லாம் எனக்கு இவர் நினைவு வருவதுண்டு. கண்டதை உள்ளபடி எழுதி, தெரியாததைத் தெரியாதென்று விட்டுச் சென்ற அந்த இளைஞரின் ஏட்டிலிருந்தன்றோ பின்வந்தோர் யாவரும் தொடங்கினர்!