எண் ஓசையாகும் இடம்

ராதாபுரம், வள்ளியூர், திசையன்விளை வட்டாரத்துக் கடைத்தெருக்களில் ‘அசெம்பிள் செட்’ என்ற சொல்லுக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. 4440 என்ற ஐ.சி. பொருத்திய பலகை, ஒரு டிரான்ஸ்ஃபார்மர், மரப்பெட்டியில் அடைத்த ஸ்பீக்கர். ரேடியோ மெக்கானிக் ஒருவர் இவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் வீட்டுக்குப் பாட்டு வந்துவிடும். முதலில் அதில் கேசட் ஓடியது. பிறகு கேசட்டின் இடத்தில் பென்டிரைவ் செருகும் சிறு பலகை ஒன்று வந்து உட்கார்ந்தது. அதன் கரிய சில்லுக்குள், யாரும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்காத ஓர் உறுப்பு இருக்கிறது: டிஜிட்டல்-அனலாக் மாற்றி. எண்களை மீண்டும் மின்னலையாக்கித் தருவது அதுதான். இந்த ஒற்றை உறுப்பைத் தனியே கையால் செய்து பார்க்க உலகெங்கும் ஒரு கூட்டம் பல்லாண்டுகளாக மெனக்கெட்டு வருகிறது.

நம் இலக்கிய நண்பர்களிடையே ஒரு குறை அடிக்கடி ஒலிக்கும். பழைய இசைத்தட்டில் கமகம் வழுக்கிக்கொண்டு போகும், குறுந்தகட்டில் அது படிக்கட்டாக வெட்டுப்பட்டுவிடும் என்பார்கள். கேட்க அழகான வாதம், ஆனால் பிழையானது. ஓர் அலையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் மாதிரிகள் எடுத்துவிட்டால், அந்தப் புள்ளிகளின் வழியே செல்லக்கூடிய வளைவு ஒன்றே ஒன்றுதான். கிளாட் ஷானன் 1949இல் வெளியிட்ட கட்டுரை இதை நிறுவுகிறது. புள்ளிகளுக்கு இடைப்பட்ட கமகம் எங்கும் போய்விடவில்லை. அதை மீட்டெடுக்க வேண்டியவர் ஒழுங்காக மீட்டெடுக்கிறாரா என்பதே கேள்வி. பழி எண்ணின்மேல் விழுகிறது. விழவேண்டியது பெரும்பாலும் மாற்றியின்மேல்.

ஓசையை எண்ணாக்கலாம் என்று 1937இல் பாரிஸில் பணிபுரிந்த ஆங்கிலப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ் கண்டார். அவர் எண்ணியது தொலைபேசிக்காக. இசைக்கு அது வந்துசேரப் பல பத்தாண்டுகள் ஆயின. யாப்பு படித்தவர்களுக்கு அதன் கணக்கு எளிது. நேர், நிரை என அசை இரண்டு. ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16. நம் இலக்கணிகள் அந்த அளவில் நின்றுவிட்டார்கள். குறுந்தகடு 16 அசை வரை போனது. கிடைத்த ‘சீர்கள்’ 65,536. ஒரு நொடிக்கு 44,100 முறை, இடக்காதுக்கும் வலக்காதுக்கும் தனித்தனியே, இவற்றுள் ஒன்று தேர்ந்தெடுக்கப்படுகிறது. (44,100 என்ற விநோத எண்ணுக்குக் காரணம் அக்காலத்தில் ஒலியை வீடியோ நாடாவில் பதிந்ததுதான்: கோட்டுக்கு 3 மாதிரி, புலத்துக்கு 245 கோடு, நொடிக்கு 60 புலம்.)

சோனியின் முதல் குறுந்தகட்டுக் கருவி 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. உள்ளே 16 பிட் மாற்றி ஒன்றே ஒன்று; இரு காதுக்கும் மாறி மாறி வேலை செய்தது. ஃபிலிப்ஸ் கையில் இருந்ததோ 14 பிட் மாற்றி. குறையை ஈடுகட்ட அவர்கள் ஓர் உத்தியைக் கையாண்டார்கள்: மாதிரிகளை நான்கு மடங்காகப் பெருக்கி, பிழையின் இரைச்சலைக் காதுக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளினார்கள். சோனிக்குத் தேவைப்பட்ட செங்குத்தான வடிகட்டியும் இதனால் அவர்களுக்குத் தேவையற்றுப் போயிற்று. என் கணிப்பில், இல்லாமையிலிருந்து பிறந்த இந்த ஏற்பாடே அந்நாளைய கருவிகளில் நுட்பமானது.

1985இல் ஃபிலிப்ஸ் டிடிஏ1541 என்ற சில்லை வெளியிட்டது. முழு 16 பிட், இரண்டு மாற்றிகள். வீட்டில் மாற்றி செய்பவர்கள் இன்றும் பயபக்தியோடு உச்சரிக்கும் பெயர் இது. காரணத்தை உணர, ரெசிஸ்டர்களை ஏணிபோல் அடுக்கி நாமே ஒரு மாற்றி செய்வதாகக் கொள்வோம். ஒவ்வொரு படியும் முந்தையதில் சரிபாதி மின்னோட்டம் தரவேண்டும். தலைப்படியில் உள்ள பிழை கடைசிப் படியின் மதிப்பைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். அதாவது 65,536இல் ஒரு பங்கு. கடையில் எளிதில் கிடைக்கும் நல்ல ரெசிஸ்டரின் துல்லியம் 100இல் ஒரு பங்கு. மூட்டையாக வாங்கி, ஒவ்வொன்றாக அளந்து இணை சேர்த்தாலும் வெப்பம் மாறினால் கணக்கு மாறும். ஃபிலிப்ஸ் பொறியாளர்கள் துல்லியத்தைத் துரத்தவில்லை. சமமற்ற மின்னோட்டங்களைச் சுழற்சி முறையில் இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் சராசரியில் பிழை கரைந்துவிடும் என்றார்கள். அந்தச் சுழற்சியின் சலசலப்பை அடக்க, சில்லைச் சுற்றிலும் 14 மின்தேக்கிகள் பொருத்த வேண்டும்.

தொண்ணூறுகளில் ஒற்றை பிட் மாற்றிகள் சந்தையைப் பிடித்தன. மலிவு, துல்லியம் இரண்டும் அவற்றின் பக்கம். அந்த வேளையில்தான், 1996 முதல், ரியோஹெய் குசுனோகி ஜப்பானிய இதழ் ஒன்றில் எதிர்த்திசையில் ஒரு வாதம் வைத்தார்: மாதிரிப் பெருக்கமும் வேண்டாம், டிஜிட்டல் வடிகட்டியும் வேண்டாம். வீட்டுப் பட்டறைக்காரர்களுக்கு இது விடுதலை. எட்டுக் கால் கொண்ட, மலிவான டிடிஏ1543 சில்லும் ஓர் உள்வாங்கிச் சில்லும் சில உதிரிகளும் போதும். ஓரிரு மாலைகளில் இசை வரும்.

ஆனால் கணிதம் தன் விலையைக் கேட்கும். வடிகட்டி இல்லாத மாற்றியில் 20,000 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி ஏறத்தாழ 3 டெசிபெல் தாழ்கிறது. 22,050க்கு மேல் அசலின் பிம்பங்கள் மண்டுகின்றன. கமகத்தைப் படிக்கட்டாக்கும் கருவி என்று ஒன்றைச் சுட்டவேண்டுமானால் அது இதுதான். விந்தை என்னவென்றால், டிஜிட்டலைச் சாடியவர்கள் பலர் இதன் ஒலியைத்தான் ‘இயல்பானது’ என்று கொண்டாடினார்கள். உச்ச ஒலிகள் மங்குவது காதுக்கு இதமாக இருந்திருக்கலாம். இதமானதை விரும்புவதில் தவறில்லை. அதை உண்மையானது என்று அழைப்பதில்தான் எனக்கு மறுப்பு.

டிடிஏ1541 இப்போது தயாரிப்பில் இல்லை. பழைய பிளேயர்களைப் பிரித்து எடுக்கிறார்கள். தேர்ந்த ரகத்துக்கு ஃபிலிப்ஸ் இட்ட கிரீட முத்திரையைப் போலியாக அச்சிட்டு விற்பவர்களும் உண்டு. கிடைத்த சில்லைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த 14 மின்தேக்கிகளைக் கால்களுக்கு எவ்வளவு அருகில் வைப்பது, எந்த வகையைப் போடுவது என்று இன்றளவும் சண்டை நடக்கிறது.