வானூர்திப் பொறிகளின் தரையியக்க மாசு அளவீடு

வானூர்திப் பொறிகளின் தரையியக்க மாசு அளவீடு என்பது, வானூர்தி நிலையத்தில் நின்றபடியோ ஓடுபாதையை நோக்கி மெல்ல நகர்ந்தபடியோ இயங்கும் பொறிகள் வெளியிடும் மாசுகளைக் கணக்கிடுவதாகும். இந்நிலையில் எரியறையின் அழுத்தமும் வெப்பநிலையும் தாழ்ந்திருப்பதால் எரிபொருள் முழுமையாக எரிவதில்லை. கார்பன் மோனாக்சைடும் எரியாத ஐதரோகார்பன்களும் மிகுதியாக வெளியேறுகின்றன. நைட்ரசன் ஆக்சைடுகளோ இதற்கு மாறாக, முழு விசையில் மேலெழும்போதே அதிகம் உண்டாகின்றன.

சான்றளிப்புச் சோதனை

பன்னாட்டுக் குடிசார் வான்பயண அமைப்பு 1981 இல் ஏற்றுக்கொண்ட விதிமுறைகளின்படி, 26.7 கிலோநியூட்டனுக்கு மேற்பட்ட உந்துவிசை கொண்ட தாரைப் பொறிகள் சோதனை மேடையில் நான்கு நிலைகளில் இயக்கப்படுகின்றன. தரையியக்கத்திற்கு 7% உந்துவிசையும் 26 நிமிடங்களும் கொள்ளப்படுகின்றன, மேலெழுதலுக்கு 0.7 நிமிடம் மட்டுமே. ஒரு கிலோகிராம் எரிபொருளுக்கு எத்தனை கிராம் மாசு வெளியேறுகிறது என்பது உமிழ்வுச் சுட்டெண் எனப்படும்.

களத்தில் அளத்தல்

7%, 26 நிமிடம் என்பவை ஒப்பீட்டுக்கான மரபு எண்களே. நடைமுறையில் பொறிகள் பெரும்பாலும் இதனினும் குறைந்த விசையில் ஓடுகின்றன; விசை குறையக் குறைய முழுமையற்ற எரிதல் கூடுகிறது. எனவே மேடைச் சோதனையின் எண்ணை அப்படியே ஒரு நிலையத்திற்குப் பொருத்தினால் கணக்குப் பிழைபடலாம்.

காற்று வீசும் திசையில் வைக்கப்படும் கருவி, வழக்கமான அளவுக்கு மேல் கார்பன் மோனாக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் எவ்வளவு உயர்ந்தன என்று பதிவுசெய்கிறது. புகை காற்றில் கலந்து நீர்த்தாலும் இவ்விரண்டும் ஒரே அளவில் நீர்ப்பதால் அவற்றின் விகிதம் மாறுவதில்லை. ஒரு கிலோகிராம் வானூர்தி எரிபொருள் ஏறத்தாழ 3.16 கிலோகிராம் கார்பன் டை ஆக்சைடைத் தருவதால், அவ்விகிதத்திலிருந்தே சுட்டெண்ணைப் பெறலாம். சூடான புகையின் அகச்சிவப்புக் கதிர்களைத் தொலைவிலிருந்து பகுத்தறியும் முறையும் உண்டு. இது நிலையத்தின் பணிகளுக்கு இடையூறு செய்வதில்லை. 2004 இல் நாசா, எட்வர்ட்சு வான்படைத் தளத்தில் நிறுத்திய டிசி-8 வானூர்தியின் பொறிக்குப் பின்னால் 1, 10, 30 மீட்டர் தொலைவுகளில் மாதிரிகளை எடுத்து ஆய்ந்தது.

உடல்நலம்

கலிபோர்னியாவின் 12 வானூர்தி நிலையங்களைப் பற்றி சிலென்கரும் வாக்கரும் 2016 இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. நாட்டின் கிழக்குப் பகுதி நிலையங்களில் ஏற்படும் நெரிசல், கலிபோர்னியாவிலும் வானூர்திகளைத் தரையில் காத்திருக்க வைக்கிறது. உள்ளூர் வானிலையோடு தொடர்பில்லாத இக்காத்திருப்பைக் கொண்டு மாசின் விளைவை அவர்கள் பிரித்தறிந்தனர். மாசு கூடிய நாட்களில், 10 கிலோமீட்டருக்குள் வாழ்வோரிடையே மூச்சு, இதய நோய்களுக்காக மருத்துவமனை செல்வோர் தொகை உயர்ந்தது.

லாஸ் ஏஞ்சலஸ் பன்னாட்டு வானூர்தி நிலையத்திலிருந்து காற்று வீசும் திசையில் 16 கிலோமீட்டர் வரை மீநுண் துகள்களின் எண்ணிக்கை இருமடங்காவது இருந்ததாக 2014 இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆயினும் அதில் தரையிறங்கும் வானூர்திகளின் பங்கும் அடங்கும் என்பதால், முழுவதையும் தரையியக்கத்தின் கணக்கில் சேர்த்தல் பொருந்தாது.