வலி ஊசியின் கதை

"மார்ஃபின் போட்டாச்சுன்னா ஆள் அவ்வளவுதான்" என்று நம் வத்தலக்குண்டுப் பக்கம் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தப் பயத்தில் புற்றுநோய் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்தவர்கள் அநேகம். அதனால்தான் இந்த மருந்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தவர் ஜெர்மானிய மருந்தாளுநர் செர்ட்யூர்னர். 19-ம் நூற்றாண்டின் தொடக்கம் அது. 1850-களில் எடின்பரோ மருத்துவர் அலெக்சாண்டர் உட் அதைத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டார்.

விழுங்கிய மார்ஃபினில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதலிலேயே மாற்றிவிடும். ஊசி அந்த வழியைத் தாண்டி ரத்தத்தில் கலக்கும். ஆகவே மாத்திரையின் அளவு ஊசியைப்போல் சுமார் 3 மடங்கு. வலி அடங்கியிருப்பது ஏறக்குறைய 4 மணி நேரம். மிச்சம் சிறுநீரில் போகும். சிறுநீரகம் பழுதானால் தேங்கி மயக்கம் தரும். பெத்திடின் ஊசியைத் தொடர்ந்து போட்டாலோ, தேங்கும் கழிவால் வலிப்பே வரலாம்.

1985 போதைப்பொருள் சட்டத்துக்குப்பின், அபின் விளையும் நம் நாட்டிலேயே மார்ஃபின் வாங்கப் பல உரிமங்கள் வேண்டியிருந்தது. 1986-ல் உலக சுகாதார நிறுவனம், வலி வரும்வரை காத்திராமல் மணி பார்த்து, முடிந்தவரை வாய்வழி கொடுக்கச் சொன்னது. 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய அமைப்பு அதை ஏழைகளுக்கும் செய்து காட்டியது. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு நடைமுறை எளிதானது.

வலிக்கு அளந்து கொடுக்கும் மார்ஃபின் ஆளைக் கொல்வதில்லை. தூங்கவும், பேரப்பிள்ளைகளோடு பேசவும் விடுகிறது. நம் வீட்டில் யாருக்காவது டாக்டர் எழுதிக்கொடுத்தால், பழைய பேச்சை நம்பி வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.