காணிக்காரரும் கூட்டு மருந்தும்

பழவங்காடிப் பிள்ளையார் சந்நிதியில் நாள் முழுதும் தேங்காய் உடைபடும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்குச் சற்று அப்பால் கிழக்கேகோட்டையும் சாலைக் கடைத்தெருவும் உள்ளன. பழவங்காடி என்பது பழைய அங்காடியா, பழங்கள் விற்ற அங்காடியா என்பதைப் பெயராராய்ச்சி செய்வோர் தீர்த்துக்கொள்ளட்டும். நான் சொல்ல வந்தது வேறு. அத்தெருவில் நாட்டு மருந்துக் கடைகள் உண்டு. நாம் நாட்டு மருந்து என்பதை மலையாளத்தார் அங்காடி மருந்து என்பர். அக்கடைகளில் சாக்குகளில் கட்டிவைத்திருக்கும் வேரும் பட்டையும் காயும் எந்தக் காட்டிலிருந்து வந்தன, யார் கையால் பறிக்கப்பட்டன என்று நாம் கேட்பதில்லை. நானும் பல ஆண்டுகள் கேட்டதில்லை. மத்திய சர்க்கார் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பது என் தொழில். ஒருநாள் என் மேசைக்கு வந்த ஒரு சொற்றொடரைத் தமிழில் ‘பயன் பங்கீடு’ என்று எழுதிவிட்டு, ‘பங்கு யாருக்கு?’ என்று எண்ணத் தொடங்கியபோதுதான் காணிக்காரரின் கதை என்னைப் பற்றிக்கொண்டது.

காணிக்காரர் அகத்தியமலைச் சாரலின் தொல்குடியினர். மலையின் மேற்குப் புறத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்துக் கோட்டூர், விதுரை, பெரிங்ஙம்மலை ஆகிய பகுதிகளிலும், தெற்கிலும் கிழக்கிலும் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களின் மலைகளிலும் அவர்கள் வாழ்கின்றனர். அவர்களுடைய மலம்பாஷையில் தமிழும் மலையாளமும் ஒன்றாகக் கலந்திருக்கும். காணி என்றால் நிலவுரிமை என்பது தமிழ் கற்றோர் அறிந்ததே. ஓணத்தை ஒட்டித் தேனும் காட்டுக் கனிகளும் மூங்கிற் பொருள்களும் சுமந்து அரண்மனைக்குக் காணிக்கை கொண்டுவருவது அவர்களுடைய நெடுநாள் வழக்கம். மன்னராட்சி போன பின்பும் கவடியார் அரண்மனைக்கு அந்த வருகை அற்றுப்போகவில்லை.

இவர்களுடைய உறவு முறையைச் சிறிது விளக்க வேண்டும். பின்னால் வரும் சிக்கல் முழுதும் அதிலிருந்தே பிறக்கிறது. காணிக்காரர் பல இல்லங்களாகப் பிரிந்தவர்கள். இல்லம் என்பது இங்கே வீடன்று, குலம். சில இல்லங்கள் தமக்குள் அண்ணன்தம்பி முறை. சில இல்லங்கள் ஒன்றுக்கொன்று மச்சம்பி முறை. அண்ணன்தம்பி இல்லத்தில் பெண் கொள்ளலாகாது. மச்சம்பி இல்லத்தில் கொள்ளலாம். ஆகவே எந்த ஊர்க் காணியைக் கண்டாலும், ‘இவன் எனக்கு உடன்பிறந்தான் முறையா, மைத்துனன் முறையா?’ என்ற ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால் போதும். அந்நியன் என்று ஒருவனும் இல்லை. சொத்துரிமையிலோ மக்கள்வழியும் மருமக்கள்வழியும் கலந்திருந்தன. குடியிருப்பின் தலைவன் மூட்டுக்காணி. கூட்டங்களுக்கு ஆள் அழைப்பவன் விளிக்காணி. மருத்துவனும் பூசாரியுமாக இருப்பவன் பிலாத்தி. நோய் கண்ட வீட்டில் இரவு முழுதும் கொக்கரை என்னும் இரும்புக் கருவியை உரசி ஒலியெழுப்பிச் சாற்றுப்பாட்டுப் பாடுபவன் அவனே. பச்சிலை அறிவு பெரும்பாலும் அவனிடமே இருக்கும். அதை வெளியாருக்குச் சொல்வது முறையன்று.

இந்த நிலையில் 1987 டிசம்பரில் டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் தாவரவியல் ஆராய்ச்சியாளர் சிலர் அகத்தியமலைக் காட்டுக்குள் சென்றனர். பழங்குடியினரின் தாவர அறிவைத் தொகுக்கும் அகில இந்தியத் திட்டம் ஒன்றைச் சேர்ந்தவர்கள் அவர்கள். வழிகாட்டிகளாகக் காணி இளைஞர்கள் உடன் சென்றனர். மலையேற்றத்தில் அறிஞர்களுக்கு மூச்சு வாங்கியது, கால் தளர்ந்தது. வழிகாட்டிகளோ சோர்வின்றி நடந்தனர். நடுநடுவே ஏதோ ஒரு சிறு காயை வாயிலிட்டு மென்றுகொண்டும் இருந்தனர். அறிஞர்களுக்கும் அது கொடுக்கப்பட்டது. தின்றதும் களைப்பு நீங்கியதாம். ‘இது என்ன செடி?’ என்று கேட்டபோது முதலில் விடை வரவில்லை. குலத்தின் கட்டுப்பாடு வாயைக் கட்டியது. மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி ஆகியோர் செடியைக் காட்டியது, ‘இதைத் தவறாகப் பயன்படுத்த மாட்டோம்’ என்று உறுதி கூறிக் கேட்ட பிறகுதான்.

அதுவே ஆரோக்கியப்பச்சை. நீரோடைக் கரைகளில், மர நிழலில், தரையோடு ஒட்டி வளரும் சிறு பூண்டு. பார்வைக்கு அப்படித் தோன்றாவிடினும், தாவரவியலார் இதனை வள்ளிக்கிழங்குக் குடும்பத்தோடு சேர்க்கின்றனர். இதன் விஞ்ஞானப் பெயரில் இலங்கையின் பெயர் உண்டு. இலங்கையிலும் மலேயா நாட்டிலும்கூட இச்செடி வளர்கிறது. ஆயினும் களைப்பு நீக்கும் பொருளாக இதை உலகம் அறிந்தது காணிகளின் வாயிலாகவே.

1979-இல் தொடங்கப்பெற்ற பாலோட்டு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வுகள் தொடர்ந்தன. காணிகள் தின்றது காய். ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தியது பெரும்பாலும் இலை. ஆரோக்கியப்பச்சையைத் தனியாகக் கொடுக்காமல், அதனோடு அமுக்கராக்கிழங்கு, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு கூட்டு மருந்து அமைத்தனர். அதற்கு ‘ஜீவனி’ என்று பெயரிட்டனர். 1995-இல் அதைச் செய்யும் உரிமம் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மஸிக்கு அளிக்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். விற்பனையில் நூற்றுக்கு 2 வீதம் உரிமைத்தொகை. இவ்விரண்டிலும் சரிபாதி காணிகளுக்கு என்று ஆராய்ச்சி நிலையம் தானாகவே முடிவு செய்தது. எந்தச் சட்டமும் அப்போது அதைக் கட்டாயப்படுத்தவில்லை. 1992-ஆம் ஆண்டு ரியோ மாநாட்டின் உயிரினப் பன்மை உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்திருந்ததே தவிர, அதற்குரிய நம் நாட்டுச் சட்டம் 2002-இல்தான் வந்தது. அந்நிலையத்தாரின் நேர்மையைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

ஆனால் கூட்டு மருந்து என்பது எளிய பொருளன்று. சரக்கு ஒன்றானால் அதன் தரத்தை அளக்கலாம். நான்கு சேர்ந்தால் எது எவ்வளவு வேலை செய்கிறது, எது எதற்குத் துணை, ஓராண்டு கழித்துப் புட்டியில் எது மிஞ்சியிருக்கும் என்று ஒவ்வொன்றாக நிறுவ வேண்டும். நம் சித்த ஆயுர்வேத வைத்தியர்கள் நூற்றாண்டுக் கணக்கில் கூட்டு மருந்தே கொடுத்து வந்தவர்கள். ஆனால் அவர்கள் நோயாளியின் நாடியைப் பார்த்து அளவை மாற்றுவார்கள். தொழிற்சாலை புட்டிக்குப் புட்டி மாற்ற முடியாது. போதாக்குறைக்கு ஆரோக்கியப்பச்சை பிடிவாதமான செடி. தன் காட்டை விட்டு வெளியே வளர்த்தால் மருந்துக் குணம் நிலைப்பதில்லை என்று கண்டனர். ஆகவே அதைக் காட்டிலோ காட்டை ஒட்டியோதான் பயிரிட வேண்டும்; பயிரிடக் காணிகளே வேண்டும். சில பத்துக் குடும்பங்கள் பயிரிடவும் தொடங்கின. அப்போது வனத்துறை குறுக்கிட்டது. காட்டிலிருந்து திருடி வந்த செடியையும் தோட்டத்தில் வளர்த்த செடியையும் எப்படிப் பிரித்தறிவது என்பது அவர்களுடைய கவலை. கவலை நியாயமானதே. அதன் விளைவாகச் சரக்கு வரத்துத் தடைப்பட்டது.

இன்னொரு கேள்வி அதைவிட நுட்பமானது. நான்கு மூலிகைகளில் மூன்று பழைய வைத்திய நூல்களில் உள்ளவை. ஒன்றே காணிகளுடையது. அதிலும் அவர்கள் சொன்னது காய், மருந்தில் போனது இலை. அப்படியானால் மருந்தின் அறிவில் காணியின் பங்கு எத்தனை? கால்பாகமா, பாதியா? கூட்டிச் செய்தவனுக்கு எவ்வளவு, வழிகாட்டியவனுக்கு எவ்வளவு? கணக்கால் தீராத இதனைச் ‘சரிபாதி’ என்று சொல்லி ஒருவாறு முடித்தனர். முடிந்தது ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு மட்டுமே.

பணம் யாரிடம் கொடுப்பது? சட்டத்துக்குக் கையொப்பமிட ஓர் ஆள் வேண்டும். உறவு முறைக்கோ கையொப்பம் கிடையாது. ஆகவே 1997 நவம்பரில் கேரள காணி சமுதாய க்ஷேம டிரஸ்ட் என்ற அறநிலையம் பதிவு செய்யப்பட்டது. 1999-இல் அதுவரை சேர்ந்த பங்காக ஏறக்குறைய 5 லட்சத்து 19 ஆயிரம் ரூபாய் அதன் கணக்கில் செலுத்தப்பட்டது. வழிகாட்டியவர்களுக்குச் சிறு வெகுமதி அளிக்கப்பட்டது. காட்டு யானையால் தாயை இழந்த இரு சிறுமியருக்கு உதவித்தொகை ஒதுக்கினர். கர்ப்பிணிகளுக்குக் காப்புறுதி ஏற்பாடு செய்தனர். இதைப் படித்தபோது என் மனம் அந்தச் சிறுமியரிடமே நின்றது. முன்னாளில் அவர்களைத் தாய்மாமன் வீடு எடுத்துக்கொண்டிருக்கும். இப்போது வங்கிக் கணக்கு அந்த மாமனோடு தோள் கொடுக்கிறது. இதில் வருந்த என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

வருத்தம் வேறிடத்தில் எழுந்தது. வழிகாட்டிய இளைஞர்கள் கோட்டூர்ப் பக்கத்தார். அறநிலையமும் முதலில் அந்தப் பக்கத்திலேயே வேர்விட்டது. விதுரை, பெரிங்ஙம்மலைப் பகுதி மூட்டுக்காணிகள் சிலர், ‘எங்கள் அனைவருக்கும் பொதுவான அறிவைச் சில இளைஞர்கள் எப்படிக் கொடுக்கலாம்? தனியார் கம்பெனிக்கு எப்படி விற்கலாம்?’ என்று ஆட்சியாளரிடம் முறையிட்டனர். பிலாத்திகளின் மனத்தாங்கலோ இன்னும் பழையது. அந்த அறிவு இளைஞர்களின் சொத்தே அன்று என்பது அவர்கள் வாதம். பாலோட்டு அறிஞர்கள் கேட்டது காட்டில் தம்முடன் நடந்தவர்களை. முறைப்படி கேட்டிருக்க வேண்டியது யாரை? ஒரு மூட்டுக்காணியையா, எல்லா மூட்டுக்காணிகளையுமா?

‘கேரள’ என்ற முதற்சொல்லைத்தான் நான் பலமுறை திரும்பத் திரும்பப் பார்த்தேன். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது, திருவிதாங்கூரின் தென் தாலுக்காக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. கோடு மலைமீதும் சென்றது. கோட்டுக்கு இப்பால் அண்ணன்தம்பி, அப்பால் மச்சம்பி. இல்ல முறைக்கு அந்தக் கோடு தெரியாது. பதிவு அலுவலகத்துக்கு அது தெரியும். கேரளக் காணிக்குப் பங்குண்டு என்றால், அவன் பெண் கொடுத்த பேச்சிப்பாறை மலையிலோ பாபநாசம் மலையிலோ உள்ள மச்சம்பிக்கு? பங்கு கேட்டுப் பெரிய வழக்கெதுவும் நடக்காதிருக்கலாம். கேள்வி அதனால் இல்லாமற்போகாது.

மருந்து உலகெங்கும் பேர் பெற்றது. அமெரிக்காவில் ஒரு கம்பெனி ‘ஜீவனி’ என்ற பெயரையே தன் வணிகக் குறியாகப் பதிந்துகொண்டதும், அதைத் தடுக்கும் காப்பு நம்மிடம் இல்லாதிருந்ததும் அக்காலத்துச் செய்திகள். 2002-இல் ஐக்கிய நாடுகள் சபையின் சார்பில் இந்த முயற்சிக்குப் பரிசும் கிடைத்தது. ஆனால் பச்சிலை வரத்துச் சீராகவில்லை. உரிமமும் தொடர்ந்து நீடிக்கவில்லை. இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டு கழிவதற்குள் அந்த ஏற்பாடு ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. 2006-ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டம் காட்டுக் குடிகளுக்குச் சிறு வனப்பொருள்கள் மீதும் தம் பாரம்பரிய அறிவின் மீதும் உரிமையை எழுத்தில் தந்தது. அது பத்தாண்டு முன்பே வந்திருந்தால், பயிரிட்ட அக்குடும்பங்களின் செடிகள் தொழிற்சாலையைச் சேர்ந்திருக்கக்கூடும்.

என் மேசையில் கிடந்த சொற்றொடருக்கு வருகிறேன். ‘பயன் பங்கீடு’ என்று எழுதியதை நான் மாற்றவில்லை. அலுவலகத்துக்கு அதுவே போதும். பக்கத்தில் ‘சமுதாயம்’ என்று இருந்த இடத்தில்தான் பேனா தயங்கியது. காணியின் பேச்சில் அதற்குச் சரியான சொல் ‘அண்ணன்தம்பியும் மச்சம்பியும்’ என்பதாக இருக்கும் என்று தோன்றியது. அப்படி எழுதியிருந்தால் மேலதிகாரி சிவப்பு மையால் அடித்திருப்பார். ஆகவே ‘சமுதாயம்’ என்றே எழுதி அனுப்பினேன்.