அடைப்புக்குறிக்குள் இடம்பெறாத ஓவியர்

சான்பாடாவை ஒட்டி நீளும் தாணே கழிமுகச் சேற்றுப்பரப்பில் பூநாரைகளோடு சங்குவளை நாரைகளையும் காணலாம். சங்குவளை நாரையின் அறிவியற்பெயர் மிக்டீரியா லியூகோசெபாலா. அதையடுத்து அடைப்புக்குறிக்குள் ‘பென்னன்ட், 1769’ என்றிருக்கும். ஓர் உயிரினத்தை முதலில் அச்சில் விவரித்துப் பெயரிட்டவரையும் ஆண்டையும் இவ்வாறு சுட்டுவது விலங்கியல் மரபு. ஆனால் தாமஸ் பென்னன்ட் வேல்ஸ் நாட்டவர். இந்தியாவுக்கோ இலங்கைக்கோ வந்தவரல்லர். அவர் கண்முன் இருந்தவை பெரும்பாலும் ஓவியங்களே.

அவ்வோவியங்களின் பிறப்பிடம் இலங்கைத் தீவு. 1752 முதல் 1757 வரை அங்கு ஒல்லாந்த ஆளுநராக இருந்தவர் ஜோன் கிடியன் லோட்டன். அவருக்காகப் பறவைகளையும் விலங்குகளையும் மீன்களையும் நீர்வண்ணத்தில் தீட்டியவர் பீட்டர் கொர்னேலிஸ் டி பெவேர். கொழும்பில் பிறந்த இவர் கலப்பு மரபினர். நில அளவையிலும் வரைபடக் கலையிலும் பயின்றவர். லோட்டன் இவ்வோவியங்களை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்று அறிஞர்களுக்குப் பார்க்கக் கொடுத்தார். பென்னன்ட் 1769இல் வெளியிட்ட ‘இந்திய விலங்கியல்’ பெரிதும் அவற்றையே சார்ந்திருந்தது. இலங்கைக்கே உரிய செம்முகப் பூங்குயிலும் அந்நூலின் வழியாகவே அறிவியற்பெயர் பெற்றது.

பறவைத் தோலைப் பூச்சி அரிக்காமல் காப்பது அரிதாயிருந்த காலம் அது. எனவே ஓவியம் நூலுக்கு அழகு சேர்க்கும் படமாக மட்டும் இருக்கவில்லை, சான்றாகவே நின்றது. எந்த நிறத்தை, எந்த நிலையை, எந்தப் பருவத்தைக் காட்டுவது என ஓவியர் எடுத்த முடிவு, இனத்தின் விளக்கமாகவே மாறக்கூடும். லியூகோசெபாலா என்றால் ‘வெண்தலை’ என்று பொருள். வளர்ந்த நாரையின் முகமோ இறகற்று மஞ்சள் கலந்த செம்மஞ்சளாக இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் அது மேலும் சிவக்கும். பெயர் ஒரு தோற்றத்தை நிலைநிறுத்துகிறது. பறவை பருவந்தோறும் மாறிக்கொண்டிருக்கிறது.

இக்குறையை அடுத்த நூற்றாண்டில் ஓரளவு ஈடுசெய்தது இன்னொரு இலங்கைக் குடும்பம். ஹார்மானிஸ் டி அல்விஸ் செனவிரத்ன பேராதனைத் தாவரவியற் பூங்காவில் 38 ஆண்டுகள் ஓவியராகப் பணியாற்றினார். அவர் புதல்வர்களான வில்லியமும் ஜார்ஜும் வரைந்த படங்களே, பிரடெரிக் மூர் 1880–1887இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட இலங்கை வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி நூலுக்கு அடித்தளம். அவற்றில் சிறகு விரித்த பூச்சிகளோடு புழுக்களும் கூட்டுப்புழுக்களும் இடம்பெற்றன. புழு உண்ணும் செடி தளிர்க்கும் காலத்தை அறிந்து காத்திருப்பவருக்கே இத்தகைய ஓவியம் வாய்க்கும். மெலானிடிஸ் லெடா என்னும் வண்ணத்துப்பூச்சி மழைக்காலத்தில் கண்புள்ளிகளோடும் வறண்ட காலத்தில் சருகு போலவும் தோன்றும். இவை ஒரே இனத்தின் இரு கோலங்கள் என்பது, தீவில் தங்கி ஆண்டு முழுதும் நோக்குவோருக்குப் புலப்படும்; இலண்டனில் ஊசி குத்திய பூச்சியை மட்டும் காண்போருக்கு எளிதில் புலப்படாது.

பெயரிடும் மரபு இவ்வுழைப்பைச் சமமாக நடத்தவில்லை. ஓவியங்களைச் சேர்த்த லோட்டனின் பெயரை ஒரு தேன்சிட்டு சுமக்கிறது. வரைந்த டி பெவேரின் பெயர் தப்பிப் பிழைத்ததற்கு லோட்டன் விட்டுச்சென்ற குறிப்புகளுக்கே நாம் கடன்பட்டுள்ளோம். அல்விஸ் குடும்பத்தின் நிலை சற்று மேல்: டேனியோபில்லம் அல்விசி என்னும் இலையற்ற சிறு ஆர்க்கிட் அப்பெயரைத் தாங்குகிறது.

அறிவியற்பெயருக்குப் பின்வரும் அடைப்புக்குறியை நாம் மாற்ற இயலாது. அதற்குத் தனி விதிகள் உண்டு. ஆயினும் ஆய்வேட்டின் படவிளக்கமும் நூலடைவும் நம் கையில் உள்ளவை. ‘பென்னன்ட் நூலிலிருந்து’ என எழுதும் இடத்தில் ‘டி பெவேர் ஓவியத்தின் வழி’ என்பதையும் சேர்க்கலாம். அச்சான்றை உருவாக்கிய கை எதுவென்பதும் வரலாற்றுத் தரவுதான். அதை விட்டுவிட்டால், தீவின் இயற்கையறிவு முழுவதும் இலண்டனில் பிறந்தது என்ற பிழையான வரலாற்றையே நாமும் அடிக்குறிப்பு தோறும் மீண்டும் எழுதுவோம்.