முதல் வருஷத்து வண்டி

புதிதாக உருமாற்றி விடும் காரை முதல் வருஷம் வாங்காதே என்பது தமிழ்நாட்டில் வண்டி வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பழைய புத்திமதி. குடும்பக் காருக்கே இப்படியென்றால் ஸ்போர்ட்ஸ் காருக்குக் கேட்கவே வேண்டாம். விலை அதிகம், விற்கும் எண்ணிக்கை குறைவு, ஒரு சென்சார் போனாலும் ஸ்பேர் வர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டியை வாங்கிச் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து புதுச்சேரி வரை ஓட்ட ஆசைப்படுகிறவர், அந்தப் புத்திமதிக்குக் கட்டுப்பட வேண்டுமா? பாதிக்குக் கட்டுப்பட்டால் போதும் என்பது என் கட்சி. வண்டி புதிது என்ற ஒன்றை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. எந்தெந்தப் பாகங்கள் முதன்முறையாக ஒன்றுசேர்கின்றன, அவற்றைச் சேர்க்கும் கம்பெனி அடுத்த சில வருஷங்கள் தாக்குப்பிடிக்குமா, நாம் ஓட்டப்போகும் ஊரின் வெயிலையும் உப்பையும் அந்தச் சேர்க்கை ஏற்கெனவே தாங்கியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இதற்கான சாட்சியங்களைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. சென்னையின் கார் வரலாற்றிலேயே முதல் சாட்சி இருக்கிறது.

ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் என்ற சென்னைக் கம்பெனி பிரிட்டனின் ஸ்டாண்டர்டு கம்பெனியோடு கூட்டாக 1940-களின் கடைசியில் தொடங்கியது. முதலில் வேன்கார்டு, 1961 முதல் ஹெரால்டு. பிரிட்டனில் ட்ரயம்ப் ஹெரால்டு என்ற பெயரில் விற்ற அதே காரின் சேசிஸை அடிப்படையாக வைத்துத்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. சென்னையிலோ அதே ஹெரால்டு நம் குடும்பங்களுக்கேற்ப நான்கு கதவுகளோடு மாறியது. 1972-இல் பின்சக்கர அச்சையும் மாற்றி கெசல் என்று பெயர் வைத்தார்கள். 1970-களின் பிற்பகுதியில் கம்பெனி கார் செய்வதையே நிறுத்திவிட்டு வேன்களோடு காலம் தள்ளியது. பிறகு 1985-இல் திடீரென்று ஸ்டாண்டர்டு 2000 வந்தது. அந்தக் காலத்தில் சாலையில் பெரும்பாலும் அம்பாசடரும் பத்மினியும் அப்போதுதான் பழகத் தொடங்கியிருந்த மாருதியும்தான். அவற்றின் நடுவே இந்த வண்டியின் தாழ்ந்து நீண்ட மூக்கும், சரிந்து இறங்கும் பின்கதவும் வேற்றுக்கிரகத்துச் சரக்கைப் போல இருந்தன. அதற்குக் காரணம் உண்டு. அது பிரிட்டனின் ரோவர் கம்பெனி செய்த எஸ்டி1 காரின் பாடி. அந்தக் கார் 1976-இல் பிரிட்டனில் அறிமுகமாகி, 1977-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருது பெற்றது. அதை வடிவமைத்த டேவிட் பாஷ் ஃபெராரி டேட்டோனாவின் முகத்தை மனதில் வைத்தே வரைந்தார். 3.5 லிட்டர் வி8 எஞ்சின், சுமார் 155 குதிரைத்திறன். பந்தயத்துக்கென்று கூர்தீட்டிய விட்டெஸ் வகையை ஓட்டி ஆண்டி ரவுஸ் 1984-இல் பிரிட்டிஷ் சலூன் கார் சாம்பியன் ஆனார். அதாவது 1985-இல் சென்னையில் இரண்டு லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து ஸ்டாண்டர்டு 2000 வாங்கியவர், ஸ்போர்ட்ஸ் கார் சாயலுள்ள ஒரு உடம்பை உருமாற்றிய முதல் வருஷத்தில் வாங்கினார்.

பானெட்டைத் திறந்தால் வேறு கதை. உள்ளே இருந்தது 1991 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின், 83 குதிரைத்திறன். அதன் வேர் 1940-களின் வேன்கார்டு எஞ்சினில் இருக்கிறது. அந்த எஞ்சின் குடும்பத்தின் ஒரு கிளை ஃபெர்குசன் டிராக்டரை இழுத்தது. இன்னொரு கிளை 1950-களில் ட்ரயம்ப் டிஆர்2, டிஆர்3 என்ற ஸ்போர்ட்ஸ் கார்களை ஓட்டியது. சிலிண்டர் ஸ்லீவைத் தண்ணீர் நேரடியாகச் சுற்றி ஓடும் அமைப்பு. தேய்ந்தால் பிளாக்கைக் கடையாமல் ஸ்லீவை உருவி எடுத்துப் புதியதைப் போட்டுவிடலாம். நம் மெக்கானிக்குகளுக்கு நன்கு பழகிய, நம்பிக்கையான எஞ்சின்தான். பாடியும் பிரிட்டனில் ஒன்பது வருஷம் ஓடியது. ஆகவே புத்திமதியை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் இதில் பயப்பட ஒன்றுமில்லை; எல்லாமே சோதிக்கப்பட்ட பாகங்கள். ஆனால் வி8-க்காகக் கட்டிய கனமான உடம்பை டிராக்டர் வம்சத்து எஞ்சின் இழுக்க வேண்டியிருந்தது. பிரிட்டனிலேயே 1982-இல் இரண்டு லிட்டர் எஸ்டி1 வந்தபோது அதற்குச் சுமார் 100 குதிரைத்திறன் இருந்தது, அதையே மந்தம் என்றார்கள். சென்னை வண்டியில் மேடுபள்ளத்துக்காகச் சஸ்பென்ஷனையும் உயர்த்தினார்கள். பார்க்க ஃபெராரி, மிதித்தால் வேன். பெட்ரோல் குடித்ததும் வேன் போலத்தான். 1980-கள் முடிவதற்குள் தயாரிப்பு ஓய்ந்துபோனது. பிற்காலத்தில் தேங்கிக் கிடந்த உதிரி பாகங்களை பிரிட்டனில் பழைய ரோவர் பாகங்கள் விற்கும் நிறுவனம் ஒன்று வாங்கிப் போனது. சென்னையில் கார் வைத்திருந்தவருக்குக் கிடைக்க வேண்டிய ஸ்பேர் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

அந்த முதல் வருஷக்காரர் காத்திருந்தால் என்ன லாபம் அடைந்திருப்பார்? குறை தீர்ந்த இரண்டாம் பதிப்பு கிடைத்திருக்காது, ஏனென்றால் அப்படி ஒன்று வரவேயில்லை. காத்திருப்பு அவருடைய பணத்தை மட்டும் காப்பாற்றியிருக்கும். இதையும் அதே காலத்து காண்டெசாவையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். 1984-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் விட்ட காண்டெசாவும் இதே வகைதான்: வாக்ஸ்ஹாலின் 1970-களின் பாடி, உள்ளே அம்பாசடரின் 1.5 லிட்டர் எஞ்சின். அதுவும் மூச்சு வாங்கியது. ஆனால் அந்தக் கம்பெனிக்கு அம்பாசடர் விற்பனை என்ற முதுகெலும்பு இருந்தது. தசாப்தத்தின் பிற்பகுதியில் இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சினையும் ஐந்து கியரையும் பொருத்தி வண்டியை நிமிர்த்தினார்கள். காத்திருந்தவர் ஜெயித்தார். ஃபியட் 124-இன் பாடியில் நிஸ்ஸான் எஞ்சினைப் பொருத்திய பிரீமியர் 118என்இ 1985-இல் வந்தபோது சேர்க்கை முதல் நாளிலிருந்தே சரியாக இருந்ததால் காத்திருக்கக் காரணம் குறைவு. மாருதியைப் பார்த்தால் இன்னும் தெளிவு. 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 சாவி கைமாறியது. 1986-இல் உடம்பு முழுவதும் மாறியது, உருமாற்றத்தின் முதல் வருஷம் என்றால் அதுதான். ஆனால் 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின் அப்படியே நின்றது. அந்த வருஷம் வாங்கியவர்கள் கெட்டுப்போகவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எல்லோரும் காத்திருந்தால் முதல் வருஷமே இருக்காது, முதல் வருஷம் இல்லாமல் இரண்டாம் வருஷம் எங்கிருந்து வரும்? டாடா இண்டிகா இதற்குச் சரியான உதாரணம். 1998 டிசம்பரில் விற்பனைக்கு வந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முழுத் தொகை கட்டிப் பதிவு செய்தார்கள். லாரி செய்து பழகிய கம்பெனி, அடியிலிருந்து புதிதாக வரைந்த கார். என் கணக்குப்படி மிக ஆபத்தான முதல் வருஷம் அது. சத்தம், அதிர்வு, டயர் தேய்மானம், சஸ்பென்ஷன் என்று புகார்கள் குவிந்தன. டாடா அந்தப் புகார்களைக் கேட்டது. 2001-இல் வந்த வி2 வேறு வண்டியாகவே ஓடியது. முதலில் வாங்கியவர்களின் வயிற்றெரிச்சலில்தான் வி2 பிறந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதனால் அடுத்தவரும் தன் காசில் அந்தக் கடனைத் தீர்க்க வேண்டும் என்று ஆகாது. சோதனைச் செலவு கம்பெனியின் செலவு. அதை வாங்குபவர் தலையில் கட்டும்போது, நீண்ட உத்தரவாதமோ விலைக் குறைப்போ கேட்க வாங்குபவருக்கு முழு உரிமை உண்டு. லைசென்ஸ் காலத்தில் இந்த உரிமைக்கு இடமே இருந்ததில்லை. பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் வரிசையில் நின்றவருக்குக் காத்திருப்பு விதி. அதை யாரும் புத்திசாலித்தனம் என்று சொல்லவில்லை.

ஸ்போர்ட்ஸ் வண்டிக்கே உரிய இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. சில வண்டிகள் முதலில் வந்ததே சிறந்ததாக இருக்கும். 1983-இல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவின் உரிமத்தோடு விட்ட ராஜ்தூத் 350 பைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையை அடுத்த சோழவரத்தில் மோட்டார் பந்தயங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அந்த இரட்டைச் சைலன்சர் சத்தத்தை நினைவூட்டத் தேவையில்லை. முதலில் வந்த வகைக்குச் சுமார் 30 குதிரைத்திறன். பெட்ரோல் செலவைப் பற்றிப் புகார் எழவே, கம்பெனி எஞ்சினை அடக்கி, திறன் குறைந்த வகையை விட்டது. காத்திருந்து வாங்கியவருக்குக் கிடைத்தது மந்தமான வண்டி. இன்றைக்குப் பழைய வண்டி தேடுகிறவர்கள் முதல் வகைக்குத்தான் அதிக விலை கொடுக்கிறார்கள். 2020 ஏப்ரல் முதல் தேதி பிஎஸ்6 புகை விதி வந்தபோதும் எத்தனையோ எஞ்சின்கள் ஒரே நாளில் கடையை விட்டு மறைந்தன. காத்திருந்தவருக்குக் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. இது என் வாதத்தை உடைக்கவில்லை, திருத்துகிறது. ராஜ்தூத் 350-இன் எஞ்சின் ஜப்பானில் வருஷக்கணக்காக ஓடித் தேறியது. புதுச் சேர்க்கை என்று பெரிதாக எதுவும் இல்லை. பலவீனம் டிஸ்க்குக்குப் பதில் போட்ட முன்சக்கர டிரம் பிரேக்கில் இருந்தது, அது எந்த வருஷத்திலும் மாறவில்லை. தேறிய எஞ்சின், நெருங்கிவரும் புதிய விதி இரண்டும் சேர்ந்தால் முதல் வருஷத்திலேயே வாங்கிவிட வேண்டும்.

இவ்வளவும் இயந்திரத்தைப் பற்றியது. மரக்காணம் போன்ற ஊரில் ஓட்டுகிறவருக்குத் துரு இன்னொரு கேள்வியைப் போடுகிறது. குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்பைச் சக்கரம் வாரியடிக்க, அது வண்டியின் அடியில் படிந்து ஈரத்தை இழுத்துவைத்துக்கொண்டு இரும்பைத் தின்னும். ட்ரயம்ப் ஹெரால்டின் சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் பிரிட்டனில் அப்படித்தான் பொத்துப்போயின. இன்றும் அந்த வண்டி வாங்குகிறவர் முதலில் படுத்துப் பார்ப்பது அங்கேதான். நம் கடற்கரையில் உப்பை யாரும் கொட்ட வேண்டியதில்லை, காற்றே கொண்டுவருகிறது. அலையோரமும் உப்பளமும் சேர்ந்த மரக்காணம் பகுதியில் வெயில் காலத்துச் சூடும் உப்பும் மாறிமாறி அடிக்க, வடகிழக்குப் பருவமழையின் மாதங்கள் ஈரத்தைச் சேர்க்கின்றன. கதவின் அடிமடிப்பு, சக்கர வளைவின் உள்விளிம்பு, வெல்டிங் பொட்டுகள், வயர் இணைப்புகளின் செம்பு முனைகள் ஆகியவைதான் முதலில் பதில் சொல்லும். உப்பளத் தொழிலாளர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. மழை முடிந்து பாத்தியைத் திரும்பத் திறக்கும்போது தரையை மிதித்து மிதித்து இறுக்குகிறார்கள், அப்படியும் முதலில் வாரும் உப்பில் சேறு கலந்தே வரும். தரை இறுகிய பிறகுதான் வெள்ளை உப்பு. உருமாற்றிய காரின் பெயின்ட் வரிசையும் சீலன்ட் அடிக்கும் இடங்களும் அப்படித்தான் தேற வேண்டும். எஸ்டி1-இன் சொந்த ஊரிலேயே விருது பெற்ற முதல் சில வருஷங்களில் பெயின்ட்டும் பொருத்தமும் மோசம் என்று புகார் எழுந்தது. ரோவர் 1982-இல் தயாரிப்பை வேறு ஆலைக்கு மாற்றியது. தேறிய வி8 எஞ்சின் இருந்தும் அந்த நிலை.

இப்போதெல்லாம் கணினியில் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் விடுகிறார்கள், ஒரகடத்தில் அரசே சோதனை மையம் நடத்துகிறது, உப்புத் தெளிக்கும் அறைகள் வந்துவிட்டன என்று சொல்வார்கள். உண்மைதான். நாற்பது வருஷத்துக்கு முன் ஸ்டாண்டர்டு 2000-க்கு நேர்ந்த அளவு பொருந்தாத கல்யாணம் இன்று நடக்காது. ஆனால் பிரச்சினை இடம் மாறியிருக்கிறது. இன்றைய ஸ்போர்ட்ஸ் காரில் எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், ஸ்டியரிங் எல்லாம் மென்பொருள் வழியே பேசிக்கொள்கின்றன. தனித்தனியே தேறிய பாகங்களின் பேச்சு முதன்முறையாக ஒன்றுசேரும் வருஷம்தான் உருமாற்றத்தின் முதல் வருஷம். எஞ்சினே புதிதென்றால் பழைய தொல்லையும் தீர்ந்துவிடவில்லை. ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் பைக் 2016-இல் வந்தபோது முதல் வாங்குபவர்கள் பலர் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றார்கள். அடுத்த வருஷம் எரிபொருள் இன்ஜெக்‌ஷனோடு வந்தபோது அந்தப் புகார்கள் அடங்கின. சென்னையில் இருக்கும் கம்பெனி, வலுவான பணபலம், சுற்றிலும் சர்வீஸ் சென்டர்கள் எல்லாம் இருந்தும் முதல் வருஷம் அப்படித்தான் போனது. எஞ்சின் அங்கே முற்றிலும் புதிது என்பதே காரணம்.

ஆகவே கடலோரத்தில் வசித்துக்கொண்டு, உருமாறி வந்திருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கு முன்பணம் கட்டலாமா என்று யோசிப்பவர், விளம்பரத்தில் புதிது என்று எழுதியிருப்பதைத் தள்ளிவைத்துவிட்டு, எஞ்சினும் கியர்பாக்ஸும் இதே சேர்க்கையில் வேறு வண்டியில் ஓடியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஓடியிருந்தால், மாறியது உடம்பும் உள்அலங்காரமும் மட்டுமென்றால், வடகிழக்குப் பருவமழையை ஒருமுறை பார்த்த வண்டியின் அடிப்பகுதியைச் சர்வீஸ் சென்டரில் தூக்கிக் காட்டச் சொல்லிவிட்டு வாங்கலாம். சேர்க்கையே புதிதென்றால் ஒரு வருஷம் பொறுக்கலாம். திரும்பப் பெறும் சட்டம் இருக்கிறதே என்ற தைரியம் இந்த இடத்தில் உதவாது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 110ஏ பிரிவு, சுற்றுச்சூழலுக்கோ ஓட்டுபவருக்கோ பயணிகளுக்கோ சாலையில் போகிறவர்களுக்கோ தீங்கு செய்யக்கூடிய குறை இருந்தால்தான் வண்டியைத் திரும்பப் பெறச் சொல்ல அரசுக்கு அதிகாரம் தருகிறது. கதவடியில் பூக்கும் துரு அதற்குள் வராது. உத்தரவாதத் தாளில் துரு பற்றிய பகுதியைக் கையெழுத்துக்கு முன் படித்துவிட வேண்டும். தகடு பொத்துப்போனால்தான் தருவார்களா, மேல்பூச்சுத் துருவுக்கும் தருவார்களா, கடலோர ஊர்களுக்கு விலக்கு போட்டிருக்கிறார்களா என்று அதில் தெரிந்துவிடும். விலக்கு போட்டிருந்தால், மரக்காணத்தில் இருப்பவர் அந்தக் காரை மூன்றாம் வருஷமும் வாங்க வேண்டியதில்லை.