மீனாட்சிசுந்தரம், சுப்பராமையா

மீனாட்சிசுந்தரம், சுப்பராமையா (1913–1968): குவாண்டம் புலக் கோட்பாட்டில் இன்று அன்றாடம் புழங்கும் கணக்கு முறை ஒன்றுக்கு அடித்தளமிட்ட கணிதவியலாளர். பாலக்காட்டை அடுத்த திருச்சூரில் பிறந்து சென்னையில் வளர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு வழிகாட்டிய கே. ஆனந்தராவ் முடிவிலாத் தொடர்களில் வல்லவர். ஐதராபாத் கணிதர் சித்திக்கியின் தாக்கம் அவரைப் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளின் பக்கம் திருப்பியது. 1940இல் டி.எஸ்சி. பெற்றும் வேலை கிடைக்கவில்லை. லயோலா கல்லூரிப் பாதிரியார் ரசீனின் ஆதரவில், தனிப்பாடம் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினார். பிறகுதான் வால்டேரிலுள்ள ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணித இயற்பியல் விரிவுரையாளர் ஆனார்.

1946 முதல் 1948 வரை பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் இருந்தார். அவர் புகழுக்குக் காரணமான கட்டுரை, சுவீடன் கணிதர் பிளையலுடன் சேர்ந்து எழுதியது, 1949இல் வெளிவந்தது. வளைந்த வெளி ஒன்றில் ஒரு புள்ளியில் சூடேற்றினால், அது பரவும் விதம் அவ்வெளியின் வடிவத்தைப் பொறுத்தது. மிகக் குறுகிய நேரத்துக்கு அந்தப் பரவலைத் தொடராக விரித்தால் முதல் கெழு வெளியின் கொள்ளளவையும் அடுத்தது மொத்த வளைவையும் காட்டிக்கொடுக்கும். அந்தப் பரவலை ஆளும் லாப்லாஸ் இயக்கியின் ஐகன் மதிப்புகளைத் தலைகீழாக்கி, அடுக்கேற்றிக் கூட்டினால் ரீமனின் ஸீட்டாவை ஒத்த சார்பு கிடைக்கும். சூடு பரவலுக்கும் இந்த ஸீட்டாவுக்கும் உள்ள உறவே கட்டுரையின் உயிர். இயற்பியலை மனத்தில் வைத்து எழுதியதாக அதில் ஒரு சாடையும் தெரியவில்லை.

1952இல் கே. சந்திரசேகரனுடன் தொடர்களின் கூட்டல் பற்றி ஒரு நூல் எழுதினார். 54 வயதில் மறைந்தார்.

இயற்பியலாளர்கள் பின்னால்தான் வந்தார்கள். வளைந்த காலவெளியில் புலங்களைக் கணக்கிடும்போது ஐகன் மதிப்புகளின் பெருக்கற்பலன் முடிவிலியாகிவிடும். ஸீட்டாச் சார்பைச் சுழிவரை நீட்டி, அங்கே அதன் வகைக்கெழுவை எடுத்தால் அந்தப் பெருக்கற்பலனுக்கு முடிவுள்ள மதிப்பு கிடைக்கும். இவ்வழியை 1976இல் டவுக்கரும் கிரிச்லியும், மறு ஆண்டு ஸ்டீபன் ஹாக்கிங்கும் கையாண்டனர். கணிதத்தில் இதற்கு முன்பே, டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் பட்டோடி, அத்தியாவுடனும் பாட்டுடனும் சேர்ந்து 1973இல் சூடு பரவல் தொடரின் அதே கெழுக்களைக் கொண்டு குறியீட்டெண் தேற்றத்துக்கு நிறுவல் தந்தார். ஆடமார்–மீனாட்சிசுந்தரம்–டிவிட்–சீலி கெழுக்கள் என்பது அவற்றின் முழுப் பெயர். நீளம் தாங்காமல் பலரும் வெப்பக் கெழுக்கள் என்றே சொல்லிவிட்டுப் போகிறார்கள்.